பாலன் குடிலைச் சுற்றும் றெயில்

ஜேர்மனியிலிருந்து அண்ணன் அனுப்பிய விளையாட்டு றெயிலை நத்தாருக்கு, இயேசு பிறப்பைக் காட்டும் பாலன் குடிலைச் சுற்றி ஓட விடுவது அம்மாவின் யோசனை. நான் மின்னியல் படித்தவள் என்பதால் வேலை என் தலையில். எங்கள் குருநகர் வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் தண்டவாளம் பூட்டினேன். ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். நேரே போனால் குடில் வாசல். வளைந்தால் கடதாசி மலைக்குப் பின்பக்கம். பிரியும் இடத்தைக் கையால் தள்ளியும் மாற்றலாம், ஆனால் மேசைக்கு மேலாக எட்டிக் குனிய வேண்டும்.

பாரிசவாதம் வந்த பிறகு அம்மாவின் வலது கைக்குப் பலம் பாதிதான் திரும்பியது. விரல்கள் மடங்கும், விரிய நேரம் எடுக்கும். சந்தையில் பாரை மீன் வெட்டி விற்ற கை. ஆட்கள் வந்தால் அதைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார். குடில் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் அந்தக் கையாலேயே றெயிலைத் திருப்ப வேண்டும் என்று அவர் சொன்னபோது, வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

பாதை பிரியும் இடத்தில், மின்சாரம் பாய்ந்ததும் பாதையை இழுத்து மாற்றும் இரண்டு சின்னக் கம்பிச்சுருள்கள், கொயில்கள், பூட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோலிங் பெல் சுவிட்ச்.

"தட்டிட்டு உடனை கையை எடுங்கோ," என்றேன்.

அம்மா அழுத்தினார். பாதை மாறியது. விரல் எழவில்லை. இடது கையால் அதைத் தூக்குவதற்குள் கொயில் கருகிய மணம் வந்துவிட்டது.

"வைக்கல் பத்தேல்லைத்தானே?" என்று, நெருப்புப் பிடித்துவிட்டதோ எனக் குடிலைப் பார்த்தார். கை தலைப்புக்குள் போனது. "நீயே விடு பிள்ளை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

பழுது வந்தால் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது என் பழக்கம். வயர் சரி. மின்னழுத்தம் சரி. சுவிட்ச் சரி. மிச்சம் விரல்தான். அதைப் பழுது என்று சொல்ல மனம் வரவில்லை. மின்சாரம் எப்போது நிற்க வேண்டும் என்பதை என் இணைப்பு விரலிடம் விட்டிருந்தது, இணைப்பை மாற்றலாமே.

கருகிய கொயிலைக் கழற்றி, அண்ணன் மேலதிகமாக அனுப்பியதைப் போட்டேன். மின்சாரம் வரும் வயருக்கும் சுவிட்சுகளுக்கும் நடுவில் ஒரு பெரிய கெப்பாசிட்டர். அது தொட்டியில் தண்ணீர் நிறைவது போல மின்சாரத்தை மெல்ல நிரப்பி வைத்திருந்து, சுவிட்சை அழுத்தியதும் ஒரே வீச்சில் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அழுத்தினாலும் கொயிலைச் சுடுமளவுக்கு எதுவும் வராது.

நத்தாரன்று பின்னேரம், சந்தையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து மீன் விற்ற மாமி வந்தார்.

"என்ன மச்சாள், மீன் வித்தது காணாதெண்டு றெயிலும் விடுறியளோ?"

"ஓம். நீ ரிக்கெற் எடுத்தனியே?"

"இல்லையே."

"அப்ப தள்ளி நில்."

அம்மா தலைப்புக்குள்ளிருந்து வலது கையை எடுத்து அழுத்தினார். பாதை 'டக்' என்று மாற, றெயில் வளைந்து மலைக்குப் பின்னால் போனது. விரல் சுவிட்சிலேயே நின்றது. இடது கை அவசரமாக அதைத் தூக்க வந்தது.

"அவசரமில்லை அம்மா. ஒண்டும் எரியாது. விரல் தன்ரை பாட்டிலை வரட்டும்."

இடது கை மடிக்குத் திரும்பியது.

"எங்கை, காணேல்லை?" மாமி மலையின் மறுபக்கம் எட்டிப் பார்த்தார்.

"வரும், பொறு," என்றார் அம்மா. றெயில் வெளியே வந்தபோதும் அவருடைய விரல் சுவிட்சில்தான் இருந்தது, எல்லாரும் பார்க்க.