எண்ணெய் கேன் கூரை

தாராவியில் எங்கள் பட்டறையில் தைக்கும் தோல் பைகளை டோம்பிவிலிக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோவதற்காகப் பழைய டெம்போ ஒன்று வாங்கினோம். நான் ஓட்டுவேன். சரக்கை இறக்கும்போது வண்டியைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் வருவாள்.

ஜூன் பிறந்து மழை பிடித்ததும் சிக்கல் ஆரம்பித்தது. வண்டியில் ஏசி கிடையாது. பக்கக் கண்ணாடியை முழுக்க ஏற்றினால் எங்கள் மூச்சிலேயே முன்கண்ணாடி வெளுத்து, ரோடு மறைந்துவிடும். அவளுக்குக் குமட்டலும் வரும். இரண்டு விரல் அளவு இறக்கினாலோ, சாய்ந்தடிக்கும் மழை அந்த இடுக்கைச் சரியாகக் கண்டுபிடித்து உள்ளே வரும். டோம்பிவிலி போய்ச் சேரும்போது என் வலது பாதி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், இடது பாதி காய்ந்திருக்கும். “பாதி ஆளு மட்டும் நடந்து வந்தீரோ?” என்று கேட்டார் கடைக்கார அண்ணாச்சி.

முதலில் ஒரு குடையை வெளியே விரித்து, அதன் பிடியைக் கண்ணாடி இடுக்கில் செருகிப் பார்த்தேன். சயான் சிக்னலில் உரசிக்கொண்டு போன பேருந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. குடை விரித்தபடியே குர்லா பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் மனைவி.

ஒரு பெரிய பிளாஸ்டிக் எண்ணெய் கேனை நீளவாக்கில் அறுத்து, என் ஜன்னலுக்கு மேல் கூரைபோலக் கம்பியால் கட்டினாள். விளிம்பிலிருந்து நீர் என் கையில் சொட்டக்கூடாது என்று ஓரத்தை மேல்நோக்கி வளைத்தும்விட்டாள்.

“உம் பக்கத்துக்கு வேண்டாமாட்டி?”

“முதல்ல ஒங்க பக்கம் சரியா வருதான்னு பாப்போம்.”

மறுநாள் நல்ல மழை. செம்பூர் வரை உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. “பாத்தியளா!” என்றாள். பாராட்ட வாயெடுத்தபடி வண்டியை வலது பக்கம் ஒடித்தேன். அந்த வளைந்த ஓரத்தில் அதுவரை தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் துள்ளி வந்து என் மடியில் விழுந்தது. குமட்டலை மறந்து அவள் சிரித்த சிரிப்பில் இருக்கையே ஆடியது.

“சிரிக்காதட்டி! கடைக்குள்ள எப்படிப் போவேன்?”

அடுத்த நடைக்கு முன், தண்ணீர் வடியக் கேனின் பின்பக்கத்தில் ஓட்டை போட்டாள். மடி தப்பித்தது. ஆனால் கோவண்டி தாண்டியதும் பைக்கில் ஒருவர் துரத்தி வந்து கதவைத் தட்டினார். ரெயின்கோட் போட்டிருந்தார், முகத்தில்தான் தண்ணீர் வழிந்தது.

“க்யா பாய், பாரிஷ் கம் ஹை க்யா?”

பெய்கிற மழை போதாதா என்று கேட்கிறார். எங்கள் ஓட்டையிலிருந்து பீய்ச்சிய நீர் வழியெல்லாம் அவர் முகத்திலேயே அடித்திருக்கிறது. மழையில் இறங்கி நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஓட்டையில் ரப்பர் குழாயைச் செருகி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே இறக்கிவிட்டாள். அதன்பிறகு யாரும் துரத்தவில்லை.

அந்த மழைக்காலத்தில் முதல்முறையாக முழு ஆளும் காய்ந்த நிலையில் டோம்பிவிலியில் இறங்கினேன். அண்ணாச்சி நம்பாமல் என் சட்டையின் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியே ஓடி, கொட்டும் மழையில் கேனையும் குழாயையும் சுற்றிச் சுற்றி ஆராய்ந்தார். திரும்பி வரும்போது தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். எனக்காகக் கொண்டுவந்திருந்த துண்டை மனைவி அவரிடம் நீட்டினாள்.