கட்டி முடித்த பணத்துக்கும் வட்டியாம்!

நாகலூரில் எங்களுக்குச் சின்னக் காப்பித் தோட்டம். போன வருஷம் பழம் உரிக்கும் மெஷினுக்கு ஒரு லட்சம் தேவைப்பட்டது. வழக்கமாகக் கடன் தரும் மிளகு வியாபாரிக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. அதற்குள் ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் சென்ட் மணக்க வந்து உட்கார்ந்தார்.

“ஒத்த ரூபா வட்டிதானுங்க அக்கா. அசலும் வட்டியும் மாசாமாசம் கட்டினா ரெண்டே வருசங்க.”

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். வியாபாரியிடம் பாதி அசலை அடைத்தால் வட்டியும் பாதியாகும். அந்த ஞாபகத்தில், “பாதி கட்டினா வட்டி குறையுமில்லீங்க?” என்றேன்.

“அதெப்படீங்க? கடைசி மாசம் வரைக்கும் முழு லட்சத்துக்கும் வட்டிங்க” என்று இளித்தார்.

“பறிச்சு முடிச்ச செடிக்கும் கூலி கேக்கறவனை நாங்க தோட்டத்துக்குள்ளயே விடறதில்லீங்க. எந்திரிங்க.”

பிறகு பேங்கில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வியாபாரியின் வட்டி வருஷத்துக்குப் பதினெட்டு சதவீதம். இந்த ஒத்த ரூபாயோ, மிச்சமிருக்கும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் இருபத்தொன்றைத் தாண்டுகிறது!

இப்போது எந்த சென்ட்காரர் வந்தாலும், “எல்லாப் பிடித்தமும் சேர்த்து, மிச்சக் கடனுக்கு வருஷ வட்டி எத்தனை சதவீதமுங்க?” என்றுதான் ஆரம்பிக்கிறேன். உடனே தண்ணீர் கேட்கிறார்கள். குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

– ஒரு வாசகி, நாகலூர்