நாலு புகைபோக்கிச் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. வயது நூறைத் தாண்டியவள். வெள்ளைக்காரன் கட்டிய கவசப் போர்க்கப்பல், நாலு புகைபோக்கி. பெயரைச் சொல்ல மாட்டேன். சக்களத்தி பெயரை எவளாவது தன் வாயால் சொல்வாளா?

என் வீட்டுக்காரர் வாரத்தில் ஆறு நாள் திருப்பதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறவர். ஏழாவது நாள் அவளுக்கு. புத்தகத்தில் படம் பார்த்து அவளை அட்டையில் செய்துகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் அவள் கதைதான். அவள் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி எஃகுத் தகடாம், ஆறு அங்குலம் கனமாம். அதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் இடுப்பு நோகிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தைலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்குச் சீர் கொண்டுவந்ததே நான்தான். நகரியில் என் பிறந்த வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. சேலைக் கரையில் பூ விழ, வரிசையாகத் துளை போட்ட அட்டைகளைத் தறிக்கு மேலே மாட்டுவார்கள். டிசைன் மாறினால் பழைய அட்டை மூலைக்குப் போய்விடும். "அந்த ஓட்டைங்க அப்டியே கப்பல் ஜன்னல்மே!" என்று இவர் குதித்தார். நைனாவிடம் கேட்டு ஒரு கட்டு வாங்கிவந்தேன். என் வீட்டு மாங்காய்க் கரை அட்டை அவளுக்கு உடம்பாகிவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

போன வருஷம் சித்தூரில் ஒரு கல்லூரியில் கைவேலைக் கண்காட்சி. கப்பலுக்கு ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து இவரைக் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

"மத்தியானத்துக்குள்ள வந்துட்றன். அதுவரிக்கும் நீ பக்கத்துல குந்திக்கினு இரு. யாரும் தொடாம பாத்துக்கோமே" என்றார்.

"அவளுக்கு நான் வாட்ச்மேனா?" என்று கேட்டேன். ஆனாலும் போனேன். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, ஜன்னல் வழியாக விட்டெறிந்தால் என்ன என்று கை துறுதுறுத்தது.

அங்கே முதலில் வந்தது அந்தக் கல்லூரி டீச்சரம்மா ஒருவர். "எவ்ளோ அழகா கீது! இது இன்னா கப்பல்க்கா?" என்றார்.

அழகாம், அழகு. இவள் மானத்தை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"இவளா? மொத மொத தண்ணில எறங்கறப்போ பேண்டு வாத்தியம் இன்னா, கைதட்டு இன்னா! நாலஞ்சு வருஷம்கூட ஆவல, இவளவிடப் பெருசா, வேகமா புதுசு வந்துட்சி. கட்டினவங்களே அப்புறம் இவளத் திரும்பிப் பாக்கல" என்றேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர்களும் வந்து நின்றார்கள்.

"அப்புறம்?" என்றார் டீச்சரம்மா.

"அப்புறம் இன்னா, சண்ட வந்துச்சி. பேர் வாங்குற எடத்துலல்லாம் புதுசுங்க. இவ சரக்குக் கப்பலுங்களுக்குத் துணையா போய்க்கினும் வந்துக்கினும் இருந்தா. வெயிலு, மழ, பொயலு, எல்லாத்துலயும். ஒருத்தரும் நல்லா இருக்கியான்னு கேக்கல. சண்ட முடிஞ்சதும் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க."

திட்டத்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக. பாதியில் யார் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பாவி, இவளுக்கும் அதே கதிதானா என்று இருந்தது. அப்போதும் பொறாமை போகவில்லை. செத்துப்போன பிறகாவது இவளைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்தாரே!

நிமிர்ந்து பார்த்தால், கூட்டத்துக்குப் பின்னால் கம்பெனிச் சட்டையோடு இவர் நிற்கிறார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. எல்லோரும் நகர்ந்த பிறகு கிட்டே வந்தார்.

"இதெல்லாம் நீ எப்போமே கத்துக்கின?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"பத்து வருஷமா அவளப் பத்திப் பேசிக்கினே இருந்தீங்களே, எதுர்ல யாரு குந்திக்கினு இருந்தாங்கன்னு நெனச்சீங்க?" என்றேன்.

அந்த மனுஷன் கப்பலை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "உன் இடுப்புத் தைலம் எந்த அலமாரில கீதுமே?" என்றார்.