சித்தியின் மூக்கு

பீகாரில் பூமி நடுங்கி ஊர் ஊராக இடிந்து விழுந்ததே, அந்த வருஷம் எனக்கு எட்டு வயது. பீகார் எங்கே இருக்கிறது என்று ஆம்பூரில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வாணியம்பாடிக்கு அப்பால் எங்கேயோ என்று அம்மா அடித்துச் சொன்னாள். அந்த எங்கேயோவுக்காக, தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்த இளவட்டங்களெல்லாம் சித்தப்பாவைத் தலைவராக வைத்துத் தொண்டர் படை கட்டி, வேட்டியை நான்கு மூலையிலும் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். "அங்க குளிரு ஜாஸ்தி. போத்திக்க ஒண்ணுமில்லாம தெருவுல கெடக்கறாங்க" என்றார்கள். எங்களிடம் இருந்தவை இரண்டே வாலாஜாபேட்டைத் துப்பட்டிகள். அம்மா நல்லதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கிழிந்ததற்குள் நாங்கள் ஐந்து பேர் படுத்தோம்.

சேர்ந்ததையெல்லாம் எங்கே வைப்பது? சித்தப்பாவின் தோஸ்த் ஒருவரிடம் டேனரிக் கிடங்கின் சாவி இருந்தது. நாங்கள் அவரை பாய் என்போம். அவர் தோல் காயப்போடும் மாடியைத் திறந்துவிட்டார். மழை ஒழுகாது, பூட்டும் உண்டு. இரண்டு வாரம் கம்பளிகளும் துப்பட்டிகளும் தோல்களோடு தோல்களாக அங்கே குடித்தனம் நடத்தின. அதில் ஒரு தப்பு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊர் ஊராகச் சேகரித்து ரயிலில் ஏற்றி அனுப்பும் பெரியவர் ஒருவர் மதராஸிலிருந்து வந்தார். ஸ்டேஷனில் முதல் மூட்டையை அவிழ்த்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தம்பி, இந்த நாத்தத்தோட யாரும் இதைப் போத்திக்க முடியாது. நாளைக்குச் சாயங்காலம் வண்டி போயிடும். வேற இருந்தா கொண்டாங்க."

சித்தப்பா ஒரு கம்பளியை முகர்ந்து பார்த்துவிட்டு பாயிடம் நீட்டினார். பாய் முகர்ந்தார். அது கைமாறிக் கைமாறித் தொண்டர் படை முழுவதையும் சுற்றி வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலியேப்பா" என்றார் பாய். எனக்கும் தெரியவில்லை. எங்கள் வீடு மாதிரிதான் இருந்தது.

வேறு துணிக்கு எங்கே போவது? ஊர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்து முடித்திருந்தது. துவைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஆனால் நாற்றம் போயிற்றா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஒரு மூக்கு வேண்டுமே.

"உன் பொண்டாட்டிய கூட்டினு போ" என்றாள் அம்மா.

சித்திக்குக் கல்யாணமாகிச் சோளிங்கரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்த நாளாக முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடியபடியேதான் நடமாடினாள். மகாராணி மூக்கு என்று அம்மா முணுமுணுப்பாள். சித்தப்பாவோ அதைப் புதுப்பெண்ணின் வெட்கம் என்று நினைத்து உள்ளூரப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு இன்னா தெரியும்?"

"ஒரு மாசமா மூக்கப் பொத்தினு கெடக்கறா. நீ பாக்கலியா?"

சித்தப்பா திரும்பி, முந்தானையால் மூக்கை மூடி நின்ற சித்தியைப் பார்த்தார்.

மறுநாள் விடிந்தபோது பாலாற்றில் நான் கண்டதை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. டேனரித் தண்ணீர் கலக்கும் இடத்துக்கு வெகுதூரம் மேலே, ஒற்றை ஓடையாய் ஓடிய தண்ணீரில், முழங்கால் ஆழத்தில் தொண்டர் படையினர் வரிசையாக நின்றார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் பேசிக்கொள்ளாதவர்கள்கூட ஒரே கம்பளியின் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். கழுதைகள் மேல், வண்ணார்கள் அழுக்கெடுக்கும் உவர்மண் வந்து இறங்கியது. ஈரத்தோலைத் தூக்கிப் பழகிய கைகளுக்கு ஈரக்கம்பளி ஒரு பொருட்டாகவே இல்லை. மணல் முழுக்கத் துணி மூடிவிட்டது. காற்றில் பறக்காமல் மூலைக்கு மூலை கல் வைத்தது நான். பீகாரே வந்து இங்கே படுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

நடுவில் ஒரு பாறைமேல் சித்தி. ஒவ்வொன்றாக அவளிடம் வரும். முகர்ந்துவிட்டு "ஆச்சு" என்பாள், இல்லையென்றால் "இன்னொரு தபா" என்பாள். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டில் வாய் திறக்காத சித்தியின் ஒரு சொல்லுக்கு ஒரு படையே தண்ணீரில் இறங்கியதைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. சித்தப்பா கொண்டுவந்ததை மட்டும் மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். மூன்றாவது தடவை அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மதராஸ்காரர் ஒரு துப்பட்டியை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சித்தப்பாவைக் கைகூப்பிக் கும்பிட்டார். மூட்டைகள் ஏறின. வண்டி போனது.

எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பியபோது சித்தப்பா மட்டும் மறுபடியும் ஆற்றுப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். மிச்சமிருந்த உவர்மண்ணை அள்ளி, உள்ளங்கை, நகக்கண் தொடங்கி முழங்கை வரைக்கும் தேய்த்தார், கழுவினார், மறுபடி தேய்த்தார். தோல் சிவந்துபோயிற்று. பிறகு என் முன்னால் குனிந்து கைகளை நீட்டினார்.

"பாப்பா, மோந்து பாரு. போயிடுச்சா?"

நான் நன்றாக முகர்ந்து பார்த்தேன். "ஒண்ணுமே இல்ல சித்தப்பா" என்று உற்சாகமாகச் சொன்னேன். ஏனோ அவர் மறுபடியும் மண்ணை அள்ளினார்.