நெருக்கத்தை ஆராய்ந்தவர்

பள்ளிப் படிப்போடு நின்றவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில், ஏலத்தோட்டத்துக்கு எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்பில் காத்திருந்தோம். ஆள் நிறையாமல் வண்டியை எடுக்கமாட்டார்கள். இரண்டு பேர் ஏற இடமில்லாமல் கீழே நிற்க, ஒருவர் மட்டும் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி இருந்தார். மலைக்குப் போக எங்களோடு ஏறியவர்; வானத்தை ஆராய்கிறவராம்.

"கேலக்ஸிகள் நெருக்கமா கூடியிருக்கற இடத்துலதான் ரொம்பப் பிரகாசமானது இருக்கும். தனியா இருக்கறது பெரும்பாலும் மங்கல்தான்" என்றார்.

"அப்பச் செத்த நெருங்கி உக்காருங்க சார். நேரமானா கங்காணி வேலையில்லன்னு திருப்பி அனுப்பிருவாக" என்றேன்.

"இடிச்சுக்கிட்டு உக்காந்தா எனக்கு மூச்சு முட்டும்மா."

கண்ணாடியை மறுபடி துடைத்தார். அத்தனை தூரத்து நெருக்கம் தெரிந்தவருக்கு எங்கள் அவசரம் ஏன் தெரியவில்லையோ. அன்று நேரங்கழித்துப் போய்ச் சேர்ந்த எங்களைக் கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அவர் இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்தோம். ஜீப் நேரத்துக்குக் கிளம்பியது.