மரக் களஞ்சியத்து மாப்பிள்ளை

எங்கள் குடும்பத்தில் கலியாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளையை விசாரிப்பது பெரியப்பாவின் வேலை. புலம்பெயர்ந்து வந்த ஊரில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு பெற்றோல் செட்டில் கல்லாவில் நிற்பவர், கலியாண வீடுகளில் மட்டும் மனேஜர். எண்பதுகளின் கடைசியில் கனடாவிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தபோதும் இந்த மகான்தான் விசாரித்தார்.

மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் அவர் சுண்டுவிரல் அளவில் நின்றார். பின்னால் கோபுர உயரத்தில், சிவப்புப் பூசிய மரக் கட்டிடம். அவர் வேலை செய்த தானியக் களஞ்சியம் அது. பிறகு டெலிபோன் எடுத்தார். சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. களஞ்சியத்தின் கதையைத்தான் சொன்னார். வெட்டவெளியில் கோதுமை விதைக்கும் கமக்காரர் சேர்ந்து, பலகைக்கு மேல் பலகை அடுக்கிக் கட்டியதாம். லொறியில் வரும் கோதுமையைப் சுழலும் பட்டியில் கோத்த வாளிகள் உச்சிக்குத் தூக்கிப்போக, அங்கிருந்து அது குழாய் வழியே ரயில் பெட்டிக்குள் கொட்டுமாம். காற்றடித்தால் கட்டிடம் முழுக்க முனகும், முதல் நாள் பயந்து வெளியே ஓடிவிட்டேன் என்று சிரித்தார். கலியாணப் பேச்சில் தன் பயத்தைச் சொன்ன ஆண்பிள்ளையை நான் அதுவரை கண்டதில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவிடம் சொல்லியும்விட்டேன்.

பெரியப்பாவோ ஆளை விட்டுவிட்டுக் கட்டிடத்தை விசாரித்தார்.

"மரத்தில கட்டினது எவ்வளவு காலம் நிக்கும்? நெருப்புப் பிடிச்சால்? அங்க ஊர் ஊராய் உதுகளை இடிக்கிறாங்களாம்."

"நான் அந்த மனிசனோடதானே பெரியப்பா இருக்கப்போறன்?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை!"

அப்பா இல்லாத வீடு. பெரியப்பா சொன்னதுதான் முடிவு. கனடாவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லியாயிற்று. பிறகு பெரியப்பா கொண்டுவந்த மாப்பிள்ளைகளெல்லாம் நல்ல கல்லு வீட்டுக்காரர்கள். சீ, அந்த வீடுகளின் அறைக் கணக்கைத் தவிர அவர்களிடம் பேச ஒன்றுமில்லை. நான் ஒருவருக்கும் தலையாட்டவில்லை.

தொண்ணூறுகளில் ஒருநாள், ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடிந்து, கையில் பிரசாதச் சர்க்கரைப் புக்கையோடு பெரியப்பா ஓடிவந்தார்.

"பிள்ளை, சங்கதி தெரியுமே? அந்த மரக் கட்டிடத்தை இடிச்சுப்போட்டாங்கள்! ரயிலும் நிண்டிட்டுதாம். நான் அண்டைக்கே சொன்னனான்!"

முகத்தில் அப்படியொரு பூரிப்பு, தானே போய் இடித்தவர் போல.

"அவர்?" என்று கேட்டேன்.

"ஆர்? அந்தப் பெடியனோ? அவனுக்கென்ன! இடிக்க முதலே வேற வேலை எடுத்திட்டான். மனிசி, ரெண்டு பிள்ளையள். நல்லாய்த்தான் இருக்கிறான்."

விரலில் ஒட்டிய புக்கையை நக்கினார். பிறகு முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உனக்குத்தான் பிள்ளை, ஒண்டும் சரிவரேல்லை" என்றார்.