நீராவிக்கு அடுத்த இடம்

என் சித்தி ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் பத்தொன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறார். சீழ், வாந்தி, மூத்திரப் பை எதற்கும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எந்தக் கட்டிலில் என்ன வழிந்தது என்று சொல்லிக்கொண்டேதான் சாப்பிடுவார். சித்தப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். வீட்டில் சித்திக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஃபினாயில்.

அப்பேர்ப்பட்டவர் நாற்பத்தாறு வயதில் ஒரு உடற்பயிற்சி வகுப்பில் அருவருப்பு தாங்காமல் வெளியே ஓடி வாந்தி எடுத்தார்.

அந்த வகுப்புக்கு அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. மருத்துவமனையில் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. நாற்பத்தைந்து தாண்டிய உதவியாளர்கள் இருபது கிலோ பெட்டியைத் தரையிலிருந்து கட்டில் உயரத்துக்கு ஒரு நிமிடத்தில் பத்து முறை தூக்கிக் காட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு வார்டு கிடையாது, அடித்தளத்தில் உள்ள துணிக் கிடங்குதான். சித்திக்கு இடது தோளில் பலம் குறைந்திருந்தது. வீட்டில் தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பார்த்தார். நான்கோடு நின்றுவிட்டது.

"துணிகூட நான் என்ன பேசுறது?" என்றார். அவருடைய பயம் அது ஒன்றுதான்.

மருத்துவமனையின் பிசியோதெரபி நிபுணர் தோளைப் பார்த்துவிட்டு, இது நோய் இல்லை, எடை தூக்கிப் பழகினால் சரியாகும் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த வகுப்புக்கு அனுப்பினார். வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறு மணி, நான்கு வாரம். துணைக்கு நானும் சேர்ந்தேன். 'ரெசிஸ்டன்ஸ் டிரெய்னிங்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து சித்தி, "ரெசிஸ்டன்ஸ்னா என்ன?" என்று கேட்டார்.

"எதிர்ப்பு, சித்தி."

"யாரை எதிர்க்கணும்?"

"எடையை."

"பாவம், அது என்னடி பண்ணுச்சு?"

ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ரப்பர் விரிப்பும் நேற்றைய காலுறையும் கலந்த வாசனை படியிலேயே வந்து எதிர்கொண்டது. பயிற்சியாளர் பொடியனைப்போல இருந்தாலும் கழுத்தில் இரண்டு விசில் தொங்கவிட்டிருந்தார். முதல் நாளே சித்திக்கு அவர் 'விசில்' ஆகிவிட்டார்.

வகுப்பு இப்படித்தான் நடக்கும். கூடத்தைச் சுற்றி எட்டு இடங்கள், எட்டுப் பேர். ஓர் இடத்தில் கையில் தூக்கும் டம்பெல், ஓர் இடத்தில் சுவரில் கட்டிய ரப்பர் பட்டை, அடுத்து படுத்துக்கொண்டு எடை தூக்க ஒரு பெஞ்சு, அதற்கடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ ஒரு மணல் மூட்டை. நாற்பது விநாடி செய்ய வேண்டும். விசில் ஊதியதும் இருபது விநாடியில் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். இப்படி மூன்று சுற்று. முதல் நாள் யாருக்குப் பின்னால் நிற்கிறோமோ அந்த வரிசை மாறாது. அதனால் நமக்கு முன்னால் நிற்பவரின் வியர்வைதான் அந்த மாதம் முழுக்க நமக்கு. இதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

சித்திக்கு முன்னால் நின்றவர் வீட்டுமனைத் தரகர். ஐம்பது வயது இருக்கும். பெஞ்சிலிருந்து அவர் எழுந்தால் முதுகு, தோள், பிடரி எல்லாம் தனித்தனியாக ஈரத்தில் அச்சு விழுந்திருக்கும். அதிலிருந்து லேசாக ஆவிகூட எழுவதாக சித்தி சத்தியம் செய்தார். அப்படித்தான் அவர் நீராவி ஆனார்.

முதல் நாள் சித்தி வார்டுக் கையுறையோடு வந்தார். டம்பெல் வழுக்கி விரிப்பில் விழுந்தது.

"அக்கா, இது ஆபரேஷன் இல்ல," என்றார் விசில்.

இரண்டாம் நாள் கையுறைக்குப் பதில் துணியும் கிருமிநாசினித் தெளிப்பானும் கொண்டுவந்தார். வார்டில் ஒருவர் இறங்கிய கட்டிலில் துடைக்காமல் அடுத்தவரைப் படுக்க வைக்க மாட்டார்கள். பத்தொன்பது வருடமாகக் கைக்குப் பழகிய வேலை அது. நீராவி நகர்ந்ததும் சித்தி தெளிப்பார், துடைப்பார், காய்கிறதா என்று பார்ப்பார், அதன் பிறகுதான் தொடுவார். அவருக்குப் பின்னால் நின்ற எனக்கு எட்டு இடமும் சுத்தமாகக் கிடைத்தன.

நான்காவது வகுப்பில் நீராவி பெஞ்சிலிருந்து எழுந்து, சித்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, அடியிலயும் கொஞ்சம் துடைச்சிடு. வேலைக்கு நடுவுல நீயும் எக்சர்சைஸ் பண்றியா? நல்லது, நல்லது."

நான்கு வகுப்புகளாக அவர் சித்தியைத் துப்புரவுக்கு வைத்த ஆள் என்றே நினைத்திருக்கிறார். எனக்குக் காது சுட்டது. சித்தி நோயாளிகளின் உறவினரை வெளியே அனுப்பும்போது எடுக்கும் குரலில் பேசினார்.

"எங்க வார்டுக்கு வந்து படுங்க சார், தலையிலேர்ந்து கால் வரைக்கும் துடைச்சு விடுறேன். நிக்க முடியிற வரைக்கும் நீங்களே துடைச்சுக்கணும்."

ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்த வங்கிக்கார அம்மா சிரித்ததில் பட்டை கையை விட்டுத் தெறித்தது.

இதற்குப் பிறகாவது அவர் துடைத்திருக்க வேண்டும். துடைக்கவில்லை. அடுத்த வகுப்பிலிருந்து அவர் கழுத்தில் பூத்துவாலை ஒன்று வந்தது. அதில் தன் முகத்தை மட்டும் ஒற்றிக்கொள்வார். பெஞ்சு முன்பைவிட நனைந்திருந்தது.

இரண்டு வாரம் முடிந்தபோது விசில் சித்தியைக் கூப்பிட்டார்.

"அக்கா, டெஸ்டுக்கு எத்தனை தூக்கணும்?"

"பத்து."

"மூட்டையில நீங்க இப்ப அஞ்சுதான் செய்றீங்க. பாதி நேரம் துடைக்கிறதுலயே போயிடுது. இப்படியே போனா தோள் ஏறாது."

"அந்த ஆளைத் துடைக்கச் சொல்லுங்க தம்பி."

"அவர் வருஷ மெம்பர் அக்கா."

"அப்ப வருஷம் பூரா நாறுவார்."

"வரிசையை மாத்தினா அவருக்குப் பின்னால வர்றவங்க சண்டைக்கு வருவாங்க," என்று சொல்லி விசில் தரையைப் பார்த்தார். "துடைக்கிறதா, தூக்குறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

மறு வகுப்புக்கு சித்தி துணி கொண்டுவரவில்லை. டம்பெல்லைத் தொட்டார், உதட்டைக் கடித்துக்கொண்டார். பெஞ்சில் அந்த ஈரத்தின் மேலேயே முதுகை வைத்தார். அவர் கண் கூரையில் இருந்தது. பிறகு மணல் மூட்டை. அதை அணைத்தால் தாடை மேல் விளிம்பில்தான் படும். நீராவியின் தாடையும் அங்கேதான் பட்டிருந்தது. நரைத்த குட்டி முடி ஒன்று அதில் ஒட்டியிருந்ததை நானும் பார்த்தேன். சித்தி ஏழு முறை உட்கார்ந்து எழுந்தார். எட்டாவதில் மூட்டையைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

செருப்புக் கடைக்குப் பின்னால் சாக்கடையோரம் குனிந்திருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்துத் துப்பினார்.

"போயிடலாம் சித்தி."

"எத்தனை ஆச்சு?"

"ஏழு."

"ரெண்டாவது சுத்து ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே மேலே ஏறினார்.

அன்று அவர் துடைக்காத இடங்களெல்லாம் எனக்கும் வந்தன. மூட்டையை அணைத்தபோது என் சட்டை நனைந்தது. அதில் எவ்வளவு யாருடையது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தும் அந்தப் புளித்த வாடை மூக்கிலேயே இருந்தது.

"வார்டுல இதைவிட மோசமானதெல்லாம் தொடுறீங்களே," என்று ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டேன்.

"அங்க எட்டாம் கட்டில்ல ஒரு பெரியவர் இருக்கார். பை மாத்துறப்பல்லாம் மூணு தடவை மன்னிப்பு கேக்குறார். வேணாம் ஐயான்னா நாலாவது தடவையும் கேக்குறார். இந்த ஆளுக்குக் கை, கால், துண்டு எல்லாம் இருக்கு. துடைக்கத் தோணல." சாலையோரம் துப்பினார். "ச்சீ."

மிச்சமிருந்த வகுப்புகளில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. மூட்டையில் ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஏறியது. வகுப்பு முடிந்ததும் முகம் சோப்பு தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருக்கும். அந்த மாதம் அவர் வீட்டில் யாரையும் தொட்டுப் பேசவில்லை. சித்தப்பா கேலி செய்வதை நிறுத்திவிட்டு, குளியலறையில் அவருக்குத் தனியாக ஒரு வாளி வைத்தார்.

தேர்வு ஒரு திங்கட்கிழமை காலை. கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். கண்காணிப்பாளர் கையில் கடிகாரத்தோடு நின்றார். சித்தி குனிந்து பெட்டியிடம், "தூக்கப் போறேன், பயப்படாதீங்க," என்று சொன்னது வெளியே கேட்டது. கண்காணிப்பாளர் சிரித்துவிட்டார். ஒன்பதாவதில் இடது தோள் நடுங்கியது. பத்தாவது முறை பெட்டி கட்டில் மேல் இருந்தபோது இன்னும் நான்கு விநாடி மிச்சம். தாளில் 'தகுதி' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சித்தி நேராக வார்டுக்குப் போனார். எட்டாம் கட்டிலுக்குப் பை மாற்றும் நேரமாம்.

அன்று மாலை அவர் கைபேசிக்கு விசிலிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அடுத்த மாத வகுப்பு தொடங்குகிறது, அதே வரிசையில் அக்காவின் இடத்தை வைத்திருக்கிறேன் என்று.

"செத்தாலும் வர மாட்டேன்னு எழுது," என்றார் சித்தி.

நான், தங்கள் பயிற்சிக்கு நன்றி, தற்சமயம் வர இயலாது என்று எழுதினேன். சித்தி எட்டிப் பார்த்தார்.

"இதையா நான் சொன்னேன்?"

அழித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.